இரண்டாம் அறையின் ரீங்காரம்

சொந்தக்காரர்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யக் கூடாது என்று நான் முதலிலேயே சொன்னேன். யார் கேட்டார்கள்? அக்கா குழந்தை டாக்டர், அவள் கணவர் பொருளாதாரப் பேராசிரியர், நான் இயற்பியல்காரி. மூன்று பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் டீ ஆறுவதற்குள் இரண்டு சண்டை முடிந்து மூன்றாவது தொடங்கியிருக்கும். எதைக் காட்டினாலும் இதனால் யாருக்கு உடம்பு சரியாகும் என்பாள் அக்கா. இதற்கு யார் செலவு செய்வது என்பார் அத்தான். அளந்து பார்த்தீர்களா என்பேன் நான். அதனாலேயே அத்தான் எனக்கு அளவுகோல் என்று பெயர் வைத்துவிட்டார். அந்தப் பெயர் என் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் வரவில்லை.

இந்த முறை சண்டையைத் தொடங்கி வைத்தவள் அக்காதான். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளுக்கென்று ஒரு பிரிவு உண்டு. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குழந்தைகள். அந்தப் பிரிவில் ஒரு பழைய விதி. பெற்றவர்கள் உள்ளே வரக் கூடாது. மாலையில் அரைமணி நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். தாய்ப்பால் குப்பியில் உள்ளே போகும், தாய் வெளியே நிற்பாள். கிருமி வந்துவிடும் என்ற பயத்தில் எந்தக் காலத்திலோ போட்ட விதி. கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு வந்தால் ஒன்றும் ஆகாது, பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் குழந்தை சீக்கிரம் தேறும் என்று அக்கா வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவசரம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி புதுக் கட்டடம் கட்டுகிறது. ஒவ்வொரு படுக்கைக்குப் பக்கத்திலும் ஒரு நாற்காலி போட இடம் விடுவதா வேண்டாமா என்று கமிட்டி முடிவு செய்ய வேண்டும். சுவர் எழும்பிவிட்டால் அப்புறம் நாற்காலியைத் தலையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆதாரம் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார் தலைமை டாக்டர். அக்கா நேராக எங்கள் இருவரிடமும் வந்தாள்.

ஏற்பாடு எளிமையானதுதான். இரண்டு அறைகள், ஒரே மாதிரி குழந்தைகள், ஒரே நர்ஸ்கள். முதல் அறையில் பெற்றவர்கள் காலை முதல் மாலை வரை படுக்கைக்குப் பக்கத்தில் உட்காரலாம். இரண்டாம் அறையில் பழைய விதி. குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு வேடிக்கையான, பயங்கரமான பழக்கம் உண்டு: மூச்சு விட மறந்துவிடுவார்கள். மணி அடிக்கும், நர்ஸ் ஓடி வந்து உள்ளங்காலைச் சுண்டிவிடுவாள், அப்போது நினைவு வரும். எந்த அறையில் அது குறைகிறது என்று பார்க்க வேண்டும். மெத்தைக்கு அடியில் வைக்க, காகிதம் போல மெல்லிய சென்சார்களை நான் செய்து கொடுத்தேன். குழந்தையின் ஒவ்வொரு மூச்சும் என் திரையில் ஒரு சின்ன அலையாக ஓடும். கூடவே அறைக்கு ஓர் ஒலிமானி. யார் பேசுவதையும் ஒட்டுக்கேட்கக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் அது வார்த்தைகளைப் பதிவு செய்யாது. சத்தம் எவ்வளவு, அது கனத்த ஒலியா கீச்சொலியா என்பதை மட்டும் சராசரி எடுத்துச் சொல்லும்.

மணி அடிப்பதையும் நர்ஸ் வருவதையும் குறித்துக்கொள்ள ஒவ்வோர் அறையிலும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. முதல் அறைக்கு அக்காவிடம் படிக்கும் ஒரு பெண் கிடைத்தாள். இரண்டாம் அறைக்கு யார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தான் கையைத் தூக்கினார். அவர் அப்போது நீண்ட விடுப்பில், ஓய்வூதியத்தைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். எங்கே உட்கார்ந்து எழுதினால் என்ன, அந்த மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றார். குழந்தைகளைத் தொடக் கூடாது, படுக்கைகளை நெருங்கக் கூடாது என்று அக்கா சட்டம் படித்தாள். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

பாதி ஆராய்ச்சி முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கணக்கைப் பரப்பினோம். பரப்பிய சில நிமிடங்களிலேயே அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு அறைகளுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டிலும் குழந்தைகள் பழைய ஆண்டுகளைவிட நன்றாக மூச்சு விட்டார்கள், நன்றாக எடை கூடினார்கள். வேறு எந்த டாக்டராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்.

"அப்போ அம்மா அப்பா பக்கத்துல இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான். அதுதானே அர்த்தம்?" என்றாள் அக்கா. அவள் எழுந்து போய், ஏற்கெனவே கழுவிவைத்த பாத்திரங்களை மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

அத்தான் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறக்கவில்லை. பாவம், மனைவிக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். இவ்வளவு வெகுளியாக நான் வேறெப்போதும் இருந்ததில்லை.

எனக்குத் தோல்வி பிடிக்காது. அதுவும் என் சென்சார்களை வைத்து வந்த தோல்வி என்றால் தூக்கம் வராது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒலிமானியின் கணக்குகளைப் பார்த்தேன். முதல் அறையில் எல்லா வகை ஒலிகளும் கலந்து கிடந்தன. நான்கு அம்மாக்களும் இரண்டு அப்பாக்களும் இருந்தால் அப்படித்தான் இருக்கும். பெற்றவர்கள் வராத இரண்டாம் அறையில், அநேகப் பிற்பகல்களில் வரைகோட்டில் ஒரு மேடு. மெல்லிய, கனத்த ரீங்காரம். நொடிக்கு ஏறத்தாழ நூறு அதிர்வு.

நூறு என்ற எண்ணைப் பார்த்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். இயற்பியல் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது மின்சாரம். ஃபிரிட்ஜ், பழைய விளக்கு, சுவருக்குள் இருக்கும் மின்மாற்றி என்று கரண்டில் ஓடும் சாமான்கள் முனகினால் அந்த நூறில்தான் முனகும். ஏதோ ஒரு பாழாய்ப்போன இயந்திரம் பிற்பகலில் முனகுகிறது, அந்த முனகல் என் சென்சாருக்குள் புகுந்து, நின்றுபோன மூச்சையெல்லாம் ஓடும் மூச்சு போலக் காட்டிவிட்டது. அதாவது இரண்டாம் அறையின் நல்ல கணக்கெல்லாம் பொய். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் குரலில் உயிர் வந்தது. அந்த இயந்திரத்தைக் கண்டுபிடி, பிடுங்கி எறிந்துவிடலாம் என்றாள்.

வேட்டை தொடங்கியது. முதலில் ஓய்வான ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போனேன். மருந்து ஃபிரிட்ஜோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். ஏணி போட்டு ஏறி ஏசிக்குள் தலையை விட்டேன். ஒன்றும் முனகவில்லை. அடுத்த நாள் காலையில் போனேன். அப்போதும் முனகவில்லை. ஆஸ்பத்திரி மின்சாரக்காரர், ஏதோ வேண்டுதல் போல ஏன் ஒவ்வொரு சுவரையும் கட்டிப்பிடிக்கிறேன் என்று கேட்டார். நான் முறைத்த முறைப்பில் அவர் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் ஒரு வார நாள் பிற்பகலில், தாழ்வாரத்தில் மடிக்கணினியோடு காத்திருந்தேன். சொல்லிவைத்தாற்போல மேடு எழும்பியது. கைக்கடக்கமான ஒலிமானியை எடுத்துக்கொண்டு, காதில் விழுவது எதையும் கவனிக்காமல், அதன் முள்ளிலேயே கண்ணை வைத்தபடி இரண்டாம் அறைக்குள் நுழைந்தேன். ஃபிரிட்ஜ் பக்கம் முள் இறங்கியது. சன்னல் பக்கமும் இறங்கியது. மூலைப் பக்கம் ஏறியது. குனிந்து, மோப்பம் பிடிக்கும் நாய் போல ஒவ்வோர் அடியாகப் போனேன். முள் ஏறிக்கொண்டே போய் உச்சியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். என் கருவி அத்தானின் சட்டைப் பித்தான்களுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது.

கையில் தாள்களோடு திருதிருவென்று விழித்தார் அத்தான். முள் கீழே விழுந்துவிட்டது, ஏனென்றால் அவர் படிப்பதை நிறுத்திவிட்டார்.

ஓய்வூதியப் புத்தகத்தின் நான்காவது அத்தியாயம். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்துத் திருத்துவது அவர் வழக்கம். கல்லூரியில் அவர் வகுப்பு பிற்பகலில் வைக்கப்படுவதே இல்லை. ஏற்ற இறக்கமில்லாத அந்தக் கனத்த குரலில் வட்டிவிகிதம் காதில் விழுந்தால் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சு வரை சாய்ந்துவிடும். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரே தாலாட்டு. வருஷக்கணக்கில் அந்தக் குரலைக் கேட்டுச் சலித்தவள் நான். அதை ஃபிரிட்ஜ் என்று நினைத்து ஆஸ்பத்திரிச் சுவர்களைக் கட்டிப்பிடித்திருக்கிறேன். அதற்குத்தான் எனக்குப் பட்டம் கொடுத்தார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று நர்ஸைக் கேட்டேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். அதுவும் ஆராய்ச்சியில் சேர்த்திதான் என்று நினைத்தாளாம்.

அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவள் வந்து, விஷயம் புரிந்து, கணவரைப் பார்த்த பார்வையில் அறையின் சூடே இரண்டு டிகிரி ஏறியிருக்கும். யாரும் பேசாத அறை என்பதுதான் அந்த அறையின் வேலையே. அதற்குள் உட்கார்ந்து இந்த மனிதர் பிற்பகல் முழுக்கப் பேசியிருக்கிறார். வித்தியாசம் எப்படித் தெரியும்? அவள் தாழ்ந்த குரலில்தான் திட்டினாள், குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்ததால்.

"கிட்ட போகக் கூடாது, தொடக் கூடாதுன்னுதான் சொன்ன. நான் போகவும் இல்ல, தொடவும் இல்ல" என்று முணுமுணுத்தார் அத்தான். பிறகு, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, உண்மையைச் சொன்னார். "முதல் நாள் தற்செயலாத்தான் படிச்சேன். அந்த மூணாவது படுக்கைக்காரன் இருக்கானே, அவனுக்கு அடிக்கடி மணி அடிச்சுக்கிட்டே இருந்தது. நான் படிச்ச நேரம் முழுக்க அடிக்கல. நிறுத்தினேன், அடிச்சுது. திரும்பப் படிச்சேன். அப்புறம் எப்படிம்மா நிறுத்தறது? ஒரு வார்த்தை பேச ஆள் இல்லாம கெடக்குதுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. செய்ததைச் சொல்லவும் முடியாமல், செய்வதை விடவும் முடியாமல் மனுஷன் தவித்திருக்கிறார்.

எனக்கு இரக்கமெல்லாம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்றோடு வாயை மூடச் சொல், கெட்டுப்போன கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு நாளையிலிருந்து புதிதாகத் தொடங்கலாம், கமிட்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். ஆராய்ச்சி என்று பார்த்தால் அதுதான் சரி. அக்கா மூன்றாம் படுக்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பயல் முஷ்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, ஊர் நியாயமெல்லாம் தனக்கு எதற்கு என்பது போலத் தூங்கினான்.

"முடியாதுடி. ஒண்ணு குழந்தைக்கு நல்லது செய்யுதுன்னு தெரிஞ்சப்புறம், கணக்குக்காக அதைப் புடுங்க என்னால முடியாது" என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "நீங்க படிங்க" என்றாள்.

சொல்லிவிட்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தையால், ஒப்பிட்டுக் காட்டக் குரலில்லாத அறை இல்லாமல் போனது; அவளுடைய நாற்காலிகளும் போய்விட்டன. அது எங்கள் மூவருக்கும் தெரியும். புதுக் கட்டடத்தில் சுவர் எழும்பும், பெற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்பார்கள். அத்தான் தாளை எடுத்தார். செருமிவிட்டு ஓய்வூதியத்தைத் தொடர்ந்தார். நான்கைந்து வரிகள் படித்திருப்பார். திடீரென்று நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம நான் வர்றதில்லையே" என்றார்.

ஞாயிறு வீட்டு வேலை நாள் என்று அக்கா போட்ட சட்டம். துணி துவைத்து மடிக்கும் பொறுப்பு அத்தானுடையது. எனக்கு ஒரு நொடி புரியவில்லை. அவர் முகம் மட்டும் பரீட்சையில் தெரிந்த கேள்வியைப் பார்த்த பையனுடையது போல ஆகிவிட்டது. பொருளாதாரக்காரர்களால் எங்களைப் போல ஆய்வகத்தில் எதையும் வைத்துச் சோதிக்க முடியாது. ஊர் தானாகத் தடுக்கி விழும் இடத்தில் போய் நின்று அளப்பதுதான் அவர்கள் பிழைப்பு. ஒரு தெருவில் வரி கூடி, பக்கத்துத் தெருவில் கூடாமல் போனால் அவர்களுக்குக் கொண்டாட்டம். இங்கே அவரே தடுக்கி விழுந்திருந்தார். குரல் இருந்த நாளும் குரல் இல்லாத நாளும் ஒரே அறையில், அதே குழந்தைகளுக்கு, யாரும் திட்டமிடாமல் நடந்திருந்தன.

மடிக்கணினியைத் திறந்து ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் பிரித்து எடுத்தேன். இரண்டாம் அறையில் ஞாயிறுதோறும் மூச்சு மறந்த தடவைகள் செங்குத்தாக ஏறியிருந்தன. சந்தோஷப்படுவதற்கு முன் சண்டை போடுவது என் பிறவிக் குணம். ஞாயிற்றுக்கிழமை நர்ஸ்கள் குறைவு, அதனால்கூட இருக்கலாமே என்றேன். அப்படியானால் முதல் அறையிலும் ஏறியிருக்க வேண்டும், அதே நர்ஸ்கள்தானே என்றார் அத்தான். முதல் அறையைத் திறந்து பார்த்தேன். அங்கே அம்மாக்களும் அப்பாக்களும் ஞாயிறென்றும் பாராமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கோடு ஓர் இம்மிகூட அசையவில்லை.

அக்கா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, என் துப்பட்டா நனைந்தது. அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் வந்து படிக்க வேண்டும் என்று கணவருக்கு உத்தரவு போட்டாள். அப்படியானால் துணி? என்றார் அத்தான். துணியை என் தலையில் கட்டினார்கள்.

கமிட்டி முன்னால் நடந்ததை நடந்தபடியே சொன்னோம். கெட்டது எப்படிக் கெட்டது என்பதையும் மறைக்கவில்லை. நான் ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்த இடத்தில் தலைமை டாக்டர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது கணக்குப் பிரிவைச் சேர்ந்த ஓர் அம்மாள் கேட்டார்: குரல்தான் வேண்டும் என்றால் அறைக்கு ஓர் ஆளை நியமித்துவிடலாமே, பெற்றவர்களை ஏன் உள்ளே விட வேண்டும், நாற்காலிக்கு ஏன் இடத்தை வீணாக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் ஆதாரத்தை வைத்தே எங்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். பின்வரிசையில் குற்றவாளி போல உட்கார்ந்திருந்த அத்தான் எழுந்தார்.

"அந்த ஆள் வேலையை நான் செஞ்சு பார்த்துட்டேங்க. என் சம்பளத்தைக் கணக்குப் போட்டா அது ரொம்ப விலை அதிகம், நான் அவ்வளவு நல்லாவும் செய்யல. ஆறு குழந்தைக்கு ஒரே குரல், அதுவும் ஓய்வூதியம். என்னைவிட நல்லா செய்யற ஆளுங்க, சம்பளமே கேக்காம, தினமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கறாங்க. அவங்கள வெளியில நிறுத்தி வெக்கத்தான் நாம இப்போ செலவு பண்ணிக்கிட்டு இருக்கோம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஏற்ற இறக்கமே இல்லாத அதே குரல்தான். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் ஒருவரும் தூங்கவில்லை. கணக்கு அம்மாள் பேனாவை மூடினார். புதுக் கட்டடத்தில் படுக்கைக்கு ஒரு நாற்காலி என்று முடிவானது. கட்டடம் எழும்பும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், இரண்டாம் அறையையும் நாளைக்கே திறந்துவிடுங்கள் என்றார் தலைமை டாக்டர்.

மறுநாள் காலை மூன்றாம் படுக்கைக்காரனின் அம்மா கையை முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். சின்னப் பெண். இத்தனை நாளும் கண்ணாடி வழியாக மட்டுமே மகனைப் பார்த்தவள். நாற்காலியின் நுனியில், யாரோ எழுந்திருக்கச் சொல்வார்கள் என்பது போல உட்கார்ந்தாள். பேச்சே இல்லை. இந்தத் தாழ்வாரத்தில் சத்தம் போடாதீர்கள் என்றுதான் இத்தனை நாளும் அவளிடம் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். என்ன பேசுவது என்று அக்காவிடம் ரகசியமாகக் கேட்டாள். எது வேண்டுமானாலும் என்றாள் அக்கா. அதைக் கேட்டு அவள் இன்னும் மிரண்டு போனாள்.

நாங்கள் மூவரும் வெளியே வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டோம். என் திரையில் அந்தப் பயலின் அலைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓடி, மெலிந்து, படுத்துவிட்டன. மறந்துவிட்டான். பக்கத்தில் அத்தானின் உதடுகள் தாமாகவே அசைய ஆரம்பித்ததைப் பார்த்தேன். அக்கா ஒருக்களித்திருந்த கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டாள்.

"டேய்" என்றாள் உள்ளே அந்தப் பெண்.

அலை ஒன்று எழும்பியது. அப்புறம் இன்னொன்று.

"என்னடா, அம்மாவைப் பயமுறுத்தறியா? உங்க அப்பா மாதிரியே நீயும்? வீட்டுக்கு வா, ரெண்டு பேருக்கும் வெச்சிருக்கேன்" என்று அவள் ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அவன் அப்பா குடையைத் தொலைத்தது, வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்தியது, தொட்டிலுக்கு வாங்கிய துணி சாயம் போனது, இவன் அவசரப்பட்டு வந்ததால் பாதியில் நின்றுபோன ஸ்வெட்டர் என்று வாரக்கணக்கில் அடைத்துவைத்திருந்த அத்தனையையும் அவன்மேல் கொட்டினாள். அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, சீராக வந்துகொண்டே இருந்தன.

அத்தான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். என்னைவிட நல்லா செய்யறா என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மூக்கை உறிஞ்சினேன். அளவுகோல் அழுகிறது பார் என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். யாருக்கும் அதற்கு நேரமில்லை.